பூக்கிறது, காய்க்கவில்லை: மாடி லெமனுக்கு மகரந்தம் தடவலாமா?

பல்கனித்தோட்டம்

வணக்கம். வெள்ளவத்தையில் எட்டாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் பெரிய சாடி ஒன்றில் ஒட்டு லெமன் நிற்கிறது. வாங்கும்போது இடுப்பளவு, இப்போது தோளுக்கு வந்துவிட்டது. பெப்ரவரிக் கடைசியில் பூக்கத் தொடங்கியது, இன்னும் விட்டபாடில்லை. வாசம் பக்கத்து வீட்டு அன்ரி வரை போகிறது. ஆனால் பிஞ்சு ஒன்றுகூட நிலைக்கவில்லை. காலையில் கூட்டினால் கை நிறையப் பூ.

இந்த உயரத்தில் தேனீயைக் கண்டதே இல்லை. போதாததற்குப் பல்கனிக்கு நுளம்பு வலையும் அடித்திருக்கிறோம். பிரஷ்ஷால் மகரந்தம் தடவிவிட்டால் காய்க்கும் என்று வீடியோ ஒன்றில் பார்த்தேன். செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குத் தடவ வேண்டும்? இன்னொரு மரம் வேண்டுமா? வேண்டுமென்றால் கஷ்டம்தான், இடமில்லை. இருக்கிற சாடியையே ஊருக்கு அனுப்பச் சொல்லி அம்மா நச்சரிக்கிறா.

கிணற்றடி

தங்கச்சி, தேசி இனத்தில் பூக் கொட்டுவது புதினமில்லை. நூறு பூ பூத்தால் நாலைந்து காய் நின்றாலே நல்ல காய்ப்பு. அத்தனையும் நின்றால் கொப்பு முறிந்துவிடும். எங்கள் ஊரில் கிணற்றடித் தேசிக்கு யாரும் பிரஷ் பிடித்ததில்லை. குளிக்கிற தண்ணீர் ஓடும், மரம் தன்பாட்டில் காய்க்கும். சும்மா விடுங்கள், அடுத்த பூவுக்கு நிற்கும்.

மருதானை நானா

ஐயா, கிணற்றடியில் தேனீயும் இருந்தது. எட்டாம் மாடிக்குத் தேனீ லிஃப்டிலா வரும்?

வத்தளைக் கன்று

நான் கன்றுக்கடையில் ஒட்டு வைக்கிறவன். லெமன் வாங்கிப்போனவர்கள் திரும்பி வந்து கேட்கிற முதல் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்னொரு மரம் தேவையில்லை. லெமன் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற மரம். அதே பூவின் மகரந்தம் போதும், பக்கத்துப் பூவினதும் சரி. ஆனால் அந்த மகரந்தம் பிசுபிசுப்பானது. சோள மகரந்தம் மாதிரிக் காற்றில் பறந்து போகாது. ஏதாவது ஒன்று வந்து தொட வேண்டும். வலை அடித்த பல்கனியில் தொடுவதற்கு ஆளில்லை. ஆகவே பிரஷ் வீண்வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பிரஷ்ஷைத் தூக்கும் முன் பூவைப் பாருங்கள் அக்கா. இன்று காலை விரிந்த பூ ஒன்றைப் பிடித்து இதழை மெல்ல விலக்குங்கள். வெளிப்புறம் ஊதா கலந்திருக்கும், உள்ளே வெள்ளை. சுற்றிவர வெள்ளை நார்களில் மஞ்சள் தலையோடு இருபது முப்பது நிற்கும். அவை மகரந்தக்கூடுகள். நடுவில் பச்சையாக ஒரு குட்டிக் குமிழ், அதிலிருந்து ஒரு தண்டு, தண்டின் நுனியில் உருண்டையாக ஒரு தலை. அந்தத் தலையில் விரலை வைத்தால் ஒட்டும். பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் பெயர் குறித்தோமே, தலை குறி, தண்டு தம்பம், குமிழ் சூலகம், அந்த மூன்றும்தான். இது இருக்கிற பூதான் காயாகக்கூடிய பூ.

சில பூக்களில் நடுவில் ஒன்றும் இருக்காது. அல்லது அரிசி நுனியளவில் ஒரு கட்டை மட்டும் இருக்கும். அது ஆண்பூ. பார்வைக்கு அதே வடிவு, அதே வாசம். ஆனால் நாள் முழுக்கத் தடவினாலும் காய் வராது, இரண்டொரு நாளில் உதிர்ந்துவிடும். லெமனில் இந்த ஆண்பூ சாதாரணமாகவே நிறைய வரும். மரம் களைத்திருந்தால், தண்ணீர் முறையில்லாமல் போனால், பசளை போதாவிட்டால் இன்னும் கூடும். உங்கள் மரத்தில் எது எத்தனை என்று பார்த்து எழுதுங்கள், பிறகு பிரஷ்ஷைப் பற்றிக் கதைப்போம்.

பல்கனித்தோட்டம்

அண்ணா, இப்போதுதான் டோர்ச் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். பாதிக்கு மேல் நடுவில் ஒன்றுமில்லாத பூ! மற்றவற்றில் அந்தப் பச்சைக் குமிழ் இருக்கிறது, நுனி மினுங்குகிறது. இவ்வளவு நாளும் எல்லாம் ஒரே பூ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் மிச்சப் பாதிக்குப் பிரஷ் பிடிக்கலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மின்சாரப் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பூவின் கீழே பிடித்து அதிர வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார்.

கல்கிசை நிலா

அந்தப் பல் துலக்கும் பிரஷ் வேலை தக்காளிக்கும் கத்தரிக்கும் உரியது. அவற்றில் மகரந்தம் கூட்டுக்குள்ளே பூட்டிக் கிடக்கும், குலுக்கினால்தான் கொட்டும். லெமனில் கூடு தானாக வெடித்து மகரந்தம் வெளியே மாவாக நிற்கும். அதிர்வு தேவையில்லை. பிள்ளைகளின் வாட்டர் கலர் பிரஷ் போதும், மெல்லிய மயிர் உள்ளதாக இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் காது துடைக்கிற பஞ்சுக்குச்சி.

நான் செய்கிற விதம் இது. காலை ஒன்பது பத்து மணிக்கு மேல், பனி ஈரம் காய்ந்த பிறகு. விடியவே போனால் கூடு வெடித்திருக்காது, பிரஷ்ஷில் ஒன்றும் ஏறாது. மஞ்சள் தலைகளை ஒருக்கால் சுற்றிவரத் தடவினால் பிரஷ் நுனியில் மஞ்சள் தூள் தெரியும். தெரியாவிட்டால் அந்தப் பூவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தூள் ஏறியதும் நடுவில் மினுங்குகிற தலையில் மெல்ல ஒற்றுங்கள். ஒற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன், தேய்க்க வேண்டாம். தம்பம் முறிந்தால் அந்தப் பூவின் கதை முடிந்தது. தூள் ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். அப்படியே ஒரு பூவிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கலாம், கழுவத் தேவையில்லை.

ஆண்பூக்களையும் வீணாக்காதீர்கள். இதழைக் கழற்றிவிட்டுக் காம்பைப் பிடித்தால் அதுவே பிரஷ். மற்றப் பூவின் தலையில் நேராகத் தொட்டுவிடலாம். எனக்குப் பிரஷ்ஷைவிட இதுதான் கைக்கு வசதி.

குறி சில நாட்களுக்குப் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதனால் ஒருநாள் தவறிவிட்டால் பதற வேண்டாம். நான் ஒரே பூவுக்கு இரண்டு காலையாவது போவேன்.

முக்கியமானது மழை. மார்ச் ஏப்ரலில் இங்கே பின்னேரம் இடியோடு கொட்டுமே, அதில் நனைந்த பூவில் மகரந்தம் கழுவுப்பட்டுப் போய்விடும். காலையில் வேலையை முடித்துவிடுங்கள். பல்கனிக்கு மேலே கூரை இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கிணற்றடி

பிள்ளைகள், நீங்கள் சொல்வதெல்லாம் கேட்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பிரஷ் பிடித்தவர்கள் எல்லாரும் காய் வந்ததும் பிரஷ்ஷால் வந்தது என்கிறீர்கள். பிரஷ் பிடிக்காமல் விட்டிருந்தால் வந்திராது என்று எப்படித் தெரியும்? மரம் வயதுக்கு வந்தது, காய்த்தது. நடுவில் நீங்கள் போய் நின்றீர்கள்.

டீச்சர்

ஐயா கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு வழியும் இருக்கிறது. மரத்தில் பாதிக் கொப்புக்கு மட்டும் தடவுங்கள், மற்றப் பாதியைத் தொடாமல் விடுங்கள். தடவிய கொப்புகளில் நூல் கட்டிவையுங்கள். ஒரே மரம், ஒரே தண்ணீர், ஒரே பசளை. எந்தப் பக்கம் கூட நிற்கிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். என் வகுப்புப் பிள்ளைகள் பூசணிக்கு இப்படித்தான் செய்தார்கள். பூசணி வெளிப்படையாகவே காட்டிவிடும், தடவாத பூ ஒன்றும் நிற்கவில்லை. லெமனில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பூவின் ஆணும் பெண்ணும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தானே இருக்கின்றன, காற்றில் கொப்பு ஆடினாலே கொஞ்சம் ஒட்டும்.

வத்தளைக் கன்று

டீச்சர் சொன்னதை ஏற்கிறேன். தேனீ வருகிற முற்றத்து மரத்துக்குப் பிரஷ் தேவையில்லை, கிணற்றடி ஐயாவின் ஊர் மரம் அந்த இனம். மூடிய பல்கனிக்குத் தேவை. இரண்டு பேரும் சொல்வது சரி, பார்த்த மரம்தான் வேறு.

அக்காவுக்கு இன்னொரு வேலை தருகிறேன். நாளைக்குக் கூட்டும்போது விழுந்ததைக் குப்பையில் போடாமல் வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். வெறும் இதழும் நாரும் மட்டும் கிடந்தால் பயமில்லை, அது கழன்று விழத்தான் வேண்டும். பூ முழுதாகக் காம்போடு விழுந்திருந்தால், நடுவைப் பாருங்கள். குமிழ் இல்லாவிட்டால் ஆண்பூ. குமிழ் இருந்தும் விழுந்திருந்தால் மகரந்தம் சேரவில்லை, அல்லது மரம் கைவிட்டுவிட்டது. மிளகளவு, பட்டாணியளவு பச்சைப் பிஞ்சு, காம்படி மஞ்சளாகி விழுந்திருந்தால் சேர்க்கை நடந்துவிட்டது, பிரச்சினை வேருக்கும் தண்ணீருக்கும் போய்விட்டது. அதற்குப் பிரஷ் ஒன்றும் செய்யாது.

இந்த மூன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் பூ உதிருது என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுவதால்தான் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள்.

பல்கனித்தோட்டம்

தாள் விரித்துப் பார்த்தேன். முக்கால்வாசி ஆண்பூ. குமிழோடு விழுந்ததும் கொஞ்சம் இருக்கிறது. மிளகளவுப் பிஞ்சு ஒன்றிரண்டு. அப்படியென்றால் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சமா?

மரம் நிற்பது கடலோர வீதியான மரைன் டிரைவைப் பார்த்த பக்கம். வெயில் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும். இலை நுனிகள் கருகியிருக்கின்றன. தண்ணீர் நான் வேலைக்குப் போகும்போது ஒருக்கால், வந்து ஒருக்கால். பசளை இரண்டு கிழமைக்கு ஒருமுறை.

கிணற்றடி

என்ன பசளை? யூரியா ஒரு கரண்டி போட்டால் மரம் குப்பென்று வரும்.

வத்தளைக் கன்று

ஐயா கோபிக்காதீர்கள், யூரியாவைத்தான் இப்போது தொடக்கூடாது. மரம் குப்பென்று வரும், அது உண்மை. ஆனால் இலையாகத்தான் வரும். தழைச்சத்து கூடினால் தளிர் விடும், பூவும் பிஞ்சும் அந்தத் தளிரோடு சாப்பாட்டுக்குப் போட்டி போட்டுத் தோற்றுவிடும். பூக்கிற காலத்தில் பொட்டாசியம் கூடின கலவைதான் பொருத்தம். அதையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஈர மண்ணில் போட வேண்டும்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்களே, அப்போது கொழும்பில் ஒவ்வொரு மாடியும் கூட்டெரு ஆராய்ச்சி நிலையமாக மாறியது. அதில் ஒரு நன்மை, நிறையப் பேர் மண்ணைக் கவனிக்கப் பழகினார்கள். லெமனுக்கு நல்ல கூட்டெருவை மேல்மண்ணோடு கலந்துவிட்டாலே பாதி வேலை முடியும். மண் இறுகியிருந்தால் ஆற்றுமணலும் கொஞ்சம் தும்புச்சோறும் (தேங்காய்த் தும்புத் தூள்) சேருங்கள்.

நுனி கருகுவது உப்புக்காற்று என்றுதான் எனக்குப் படுகிறது. எலுமிச்சை இனத்துக்கு உப்பு ஆகவே ஆகாது. கடல் பக்கம் நிற்கிற மரத்தின் இலையைக் கிழமைக்கு ஒருக்கால் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், ஆனால் விரிந்த பூவில் பாய்ச்ச வேண்டாம். சாடிக்கும் மாதம் ஒருமுறை தாராளமாக ஊற்றிக் கீழ்த்துளையால் வடியவிட்டால் தேங்கின உப்பும் போகும்.

தண்ணீர் நேரம் பார்த்து ஊற்றுவதை விட்டுவிட்டு விரலைப் பாருங்கள். இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டு ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். பிஞ்சு பிடிக்கிற காலத்தில் ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளம் என்று போனால் மரம் முதலில் கைவிடுவது பிஞ்சைத்தான்.

வெயில் ஆறு மணித்தியாலமாவது வேண்டும். காலை வெயில் விழுகிற பக்கம் ஏதாவது இருக்கிறதா?

மருதானை நானா

மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுங்கள் தங்கச்சி. எங்கள் மேல்தட்டில் மூன்று லெமன் நிற்கிறது, பிரஷ் பிடித்ததே இல்லை. எங்கள் வாப்பா வைத்த துளசியும் கனகாம்பரமும் சுற்றிவர இருக்கின்றன. துளசி பூத்தால் தேனீ எங்கிருந்துதான் வருகிறதோ தெரியாது. பக்கத்துப் பழைய கட்டடத்துச் சுவர் வெடிப்பில் கொசுத்தேனீ குடியிருக்கிறது. கொட்டாது, எறும்பளவுதான். தேனீ என்று தெரியாமல் எங்கள் ராத்தா ஈ என்று விரட்டிக்கொண்டிருந்தா. லெமன் பூவுக்குள் தலையை விட்டால் பின்பக்கம் மட்டும்தான் வெளியே தெரியும். வரும்போது காலில் மஞ்சள் மூட்டை.

ஒரே தலையிடி, ஒழுங்கையில் நுளம்புக்குப் புகை அடிக்கிறார்கள். அதற்குப் பிறகு நாலைந்து நாளைக்குத் தேனீயைக் காணக்கிடைக்காது.

டீச்சர்

நானா, டெங்கு வந்த பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் புகையைக் குறை சொல்லமாட்டார்கள். நாலு லெமனுக்காக அதை நிறுத்தச் சொல்ல முடியாது.

மருதானை நானா

நிறுத்தச் சொல்லவில்லை டீச்சர். முன்கூட்டிச் சொன்னால் சாடிக்கு ஒரு துணி போடலாம், அவ்வளவுதான். பூவில் அந்த மருந்து படிந்தால் அடுத்து வருகிற தேனீயும் சாகும்.

தவிர, புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். தண்ணீரில் கிடக்கிற குடம்பிக்கு ஒன்றும் ஆகாது. அதை நாங்கள்தான் பார்க்க வேண்டும். சாடித் தட்டுகளைப் பார்த்தால் தெரியும், கொழும்பில் பாதித் தட்டில் தண்ணீர் நிற்கிறது.

நெறியாளர்

புகை அடிப்பது பற்றி வேறு இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். ஆனால் தட்டுப் பற்றிய பேச்சு இங்கேயே இருக்கட்டும், அது எல்லாருக்கும் வேண்டியது. முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை சொச்சம் போதும். தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணல் நிரப்புங்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வழக்கும் வரும்.

கல்கிசை நிலா

வேப்பெண்ணெயோ சவர்க்காரத் தண்ணீரோ அடிப்பவர்களும் கவனியுங்கள். விரிந்த பூவில் அடித்தால் குறியில் எண்ணெய் படிந்து மகரந்தம் ஒட்டாது. பூச்சி கூட இருந்தால் பின்னேரத்தில் இலைக்கு மட்டும் அடியுங்கள். முசுறு எறும்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது மரத்துக்குக் காவல் என்பது சரி, ஆனால் பூவில் முசுறு நின்றால் தேனீ கிட்ட வராது.

புதியவன்23

இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இரண்டு சந்தேகம். பக்கத்து வீட்டில் நாரத்தை நிற்கிறது. அதன் மகரந்தம் என் லெமனில் ஏறினால் காய் கசக்குமா? மற்றது, கடையில் வாங்கின பச்சை நிறத்து விதையில்லாத் தேசிக் கன்றும் ஒன்று இருக்கிறது. அதற்கும் பிரஷ் பிடிக்க வேண்டுமா?

டீச்சர்

கசக்காது. தோலும் சாறும் தாய்மரத்தினதுதான், யாருடைய மகரந்தம் வந்தாலும் மாறாது. மாற்றம் வந்தால் விதைக்குள்தான் வரும். அந்த விதையை முளைக்க வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். தேசி இனத்து விதையில் அதுவும் நிச்சயமில்லை. ஒரே விதையில் இரண்டு மூன்று முளை வரும், அவற்றில் பெரும்பாலும் தாயின் அச்சு அசல்தான் இருக்கும்.

விதையில்லாத் தேசி தாகிட்டி என்ற இனமாக இருந்தால் பிரஷ்ஷே வேண்டாம். அது சேர்க்கை இல்லாமலே காய்க்கும், அதனால்தான் விதையுமில்லை. அதன் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று, மகரந்தமும் பெரிதாக உதவாது. அதில் பிஞ்சு உதிர்ந்தால் நேராகத் தண்ணீரையும் வெயிலையும் பாருங்கள்.

கிணற்றடி

இதை இவ்வளவு காலம் யாரும் சொல்லவில்லை. சந்தையில் விதையில்லாத தேசிக்காயைப் பார்த்து ஏதோ மருந்தடித்தது என்று வாங்காமல் வந்திருக்கிறேன்.

சரி, ஒரு விஷயம் நானும் சொல்கிறேன். எங்கள் அப்பு தேசிக்குத் தண்ணீரைக் கொஞ்ச நாள் மறிப்பார். இலை சோர்ந்து தொங்கும். பிறகு ஒரேயடியாகப் பாய்ச்சுவார். இரண்டு மூன்று கிழமையில் மரம் வெள்ளையாகப் பூக்கும். இது சாடிக்குச் சரிவருமா?

வத்தளைக் கன்று

அது நல்ல வேளாண்மை ஐயா. தோட்டங்களில் இன்றும் செய்கிறார்கள். கொழும்பில் ஜனவரி பெப்ரவரி வரட்சியே அந்த வேலையைச் செய்துவிடும். அக்காவின் மரம் பெப்ரவரிக் கடைசியில் பூத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். சாடியில் செய்யும்போது அளவு தவறினால் ஒரே மத்தியானத்தில் வேர் காய்ந்துவிடும். இலை லேசாகச் சுருளும்வரை மட்டும் விடலாம். பூ வந்த பிறகு மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

போரோன் பற்றியும் யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், கடையில் அடிக்கடி கேட்கிறார்கள். மகரந்தம் குறியில் ஒட்டின பிறகு அதிலிருந்து ஒரு குழாய் முளைத்துத் தம்பம் வழியாகச் சூலகம் வரை இறங்க வேண்டும். அதற்குப் போரோன் தேவை என்பது உண்மை. ஆனால் தேவைப்படுவது மிகச் சொற்பம். கொஞ்சம் கூடினாலே நஞ்சு, இலை விளிம்பு மஞ்சளாகிக் கருகும். போரோனுக்காக வெண்காரத்தைக் கரண்டியால் அள்ளிப் போடச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். நுண்சத்துக் கலவை பக்கெட்டாக விற்கிறது. அதில் எழுதியிருக்கிற அளவுக்குப் பாதி போட்டால் சாடிக்குத் தாராளம். சந்தேகமென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

பல்கனித்தோட்டம்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

சாடியைக் காலை வெயில் வருகிற பக்கம் மாற்றினோம். தம்பியும் காவலாளி அண்ணையும் சேர்ந்து இழுத்தார்கள், நிலத்தில் கோடு விழுந்ததற்கு அம்மாவிடம் ஏச்சு வேறு. மொட்டைமாடிக்கு அனுமதி தரமாட்டோம் என்று கட்டட நிர்வாகம் சொல்லிவிட்டது. காலையில் மட்டும் நுளம்பு வலையைத் திறந்துவிடுகிறேன், தேனீ இன்னும் வரவில்லை.

டீச்சர் சொன்னபடி பாதிக் கொப்புக்குச் சிவப்பு நூல் கட்டினேன். ஆண்பூவால் தொடுகிற முறைதான் எனக்கும் சரிவந்தது. இப்போது நூல் கட்டின பக்கத்தில் மொச்சைக் கொட்டையளவில் நிற்கிறது, மற்றப் பக்கத்திலும் நிற்கிறது. ஆனால் நூல் கட்டின பக்கத்தில் தெளிவாகவே கூட. மரமும் புதிதாகப் பூ விடுகிறது, இந்த முறை நடுவில் குமிழ் உள்ள பூ அதிகம்.

கேள்வி: இத்தனையையும் விடலாமா, சிலதைக் கிள்ள வேண்டுமா? மே மாதம் கடல்காற்று தொடங்கினால் என்ன செய்வது?

கிணற்றடி

மற்றப் பக்கத்திலும் நிற்கிறது என்பதைக் கவனிக்கவும்.

டீச்சர்

கவனித்தோம் ஐயா. ஒரு மரத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, வெயில் பக்கமும் இடையில் மாறிவிட்டது. அடுத்த பூவுக்கு நூலை மற்றப் பக்கத்துக்கு மாற்றிக் கட்டிப் பார்க்கட்டும்.

வத்தளைக் கன்று

இப்போது கிள்ள வேண்டாம் அக்கா. மரமே இன்னும் ஒருதடவை கழிக்கும். கோலிக்குண்டளவு வரும்போது ஒரு உதிர்வு இருக்கிறது, அது எல்லா எலுமிச்சை இனத்திலும் உள்ளதுதான். அதையும் தாண்டி நிற்பவை பெரும்பாலும் நிற்கும். அதன் பிறகு ஒரே கொத்தில் மூன்று நாலு இருந்தால் நல்லது ஒன்றிரண்டை வைத்துவிட்டு மற்றதை எடுங்கள். தோளளவு மரத்துக்கு, மெல்லிய கொப்பு நுனியில் தொங்குவதையும் விடாதீர்கள். கொப்பு வளைந்து முறியும்.

பூவிலிருந்து பழத்துக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை போகும். ஆகவே தென்மேல் பருவக்காற்று முழுவதையும் இந்தக் காய்கள் தாங்க வேண்டும். கடல் பக்கம் தடுப்பாக ஒரு நிழல்வலை கட்டுங்கள், முழுதாக மறைக்காமல் காற்றை உடைத்தால் போதும். கடுங்காற்று அடித்த அன்று பின்னேரம் இலையைக் கழுவிவிடுங்கள். மழை நல்லாகப் பெய்கிற நாட்களில் கூரை இல்லாத இடமென்றால் மழையே கழுவிவிடும், அப்போது வடிகால் துளை அடைபடாமல் பார்த்தால் சரி.

புதியவன்23

இதையெல்லாம் வாசித்துவிட்டு நானும் ஒரு லெமன் வைக்கலாம் என்றிருக்கிறேன். பழத்தின் விதையைப் போட்டால் காணாதா? ஒட்டுக்கன்று என்றால் எங்கே வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மருதானை நானா

விதை போட்டால் காய்க்கும், உங்கள் பிள்ளை பறிக்கும்.

வத்தளைக் கன்று

நானா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். ஆனால் விதைக்கன்று காய்க்க நாலைந்து வருடம், சிலவேளை அதற்கும் மேல் போகும். ஒட்டு இரண்டு மூன்று வருடத்துக்குள் காய்க்கும். என் கடையின் பெயரை இங்கே போடமாட்டேன். பத்தரமுல்லையில் தியத்த உயனப் பக்கம் கன்றுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன, நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்குங்கள். சாடிக்கென்றால் மேயர் இனம் கிடைத்தால் நல்லது, அதிகம் உயராது. ஃபிராங்க் மேயர் என்பவர் 1908 இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன இனம். அங்கே அவர் கண்டதும் சாடியில் வளர்த்த மரங்களைத்தான். புளிப்புக் கொஞ்சம் குறைவு, தோல் மெல்லிசு. ஊறுகாய்க்கென்றால் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

வாங்கும்போது காய் தொங்குகிறது என்று மயங்காதீர்கள். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஒட்டின இடம் வீக்கமாகத் தெரியும். அது வடிவாகப் பொருந்தியிருக்கிறதா, பொலித்தீன் நாடா இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நாடா இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் அவிழ்த்துவிடுங்கள். அந்த வீக்கத்துக்குக் கீழே வருகிற தளிர் எல்லாம் அடிக்கன்றினுடையது. முள்ளும் கூட இருக்கும், இலையும் வேறுவிதமாக இருக்கும், வளர்த்தியும் வேகமாக இருக்கும். செழிப்பாக வருகிறதே என்று விட்டால் மேலேயுள்ள லெமனைச் சாகடித்துவிடும். கண்டவுடன் கையாலேயே கிழித்தெடுங்கள், கத்தரிக்கோலால் வெட்டினால் அதே இடத்தில் திரும்ப முளைக்கும்.